ஒரு வார்த்தை விடாமல்

நல்லேப்பிள்ளி ஊரின் ஆலோசனை அறையில் மின்விசிறி கிறீச்சிடுகிறது. தம்பதியில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒரு வார்த்தை விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். சூரியநெல்லி எஸ்டேட் பள்ளியில் டீச்சராக இருந்த குடும்ப ஆலோசகர் அருள்மேரியின் முறை அது. கௌசிகா கைக்குட்டையை முறுக்கியபடி கணவனிடம் விம்மிச் சொல்கிறாள்: “கொழந்த வயித்துலயே செத்தப்ப, ஆஸ்பத்திரிக்கு நீங்க வரவே இல்லீங்க.” சிவப்பிரகாஷ் நிமிர்ந்து உட்கார்கிறான். அவள் குரலிலேயே, அந்த விம்மலையும் சேர்த்து, “கொழந்த வயித்துலயே செத்தப்ப, ஆஸ்பத்திரிக்கு நீங்க வரவே இல்லீங்க” என்கிறான். பக்கத்தில் அவன் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்குகிறாள். ஜன்னல் வெயில் விழும் நோட்டிலிருந்து தலைதூக்காமலே அருள்மேரி டிக் அடிக்கிறார். “சரியாச் சொல்லிட்டாரா தாயி?” ஒரு வார்த்தையும் விடுபடவில்லை. கௌசிகா, “சரிதானுங்க” என்கிறாள்.