வலி வந்த நாள்

"எரியுதா?"

"கொஞ்சம்கூட இல்ல."

கணவரின் பதிலைக் கேட்டு மனைவியின் முகம் தொங்கிப்போனது. ஐந்து வாரமாக இதே பதில்தான்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கால் அது. சர்க்கரை வியாதியில் உள்ளங்கால் மரத்துப்போய், புண் குழியாகிவிட்டது. அவர் ரத்தத்திலிருந்தே ஜெல் தயாரித்துப் புண்ணில் வைத்திருந்தார் டாக்டர்.

"கழுவுறப்ப எரியுதுன்னு கத்தினார்னா சந்தோஷப்படுங்கம்மா. நரம்புக்கு உயிர் வருதுன்னு அர்த்தம். புதுச் சதையும் வளரும். இந்த வாரமும் ஒண்ணும் தெரியலேன்னா, பாதத்தை எடுக்கறதைப் பத்தி யோசிக்கணும்" என்று சொல்லியிருந்தார்.

அவள் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போலக் குப்புறப் படுத்தார். அவள் கட்டைப் பிரித்தாள்.

"ஸ்ஸ்... ஐயோ, எரியுது! பாத்து ஊத்து!"

"நிஜமாவாங்க?"

"உயிரே போகுது. டாக்டருக்குப் போன் போடு. இனிமே குழாயைத் திறந்துவிட்டு அழாத."

அவள் தன் கையிலிருந்த உப்புநீர் பாட்டிலைப் பார்த்தாள். அதன் மூடியைக்கூட அவள் இன்னும் திறக்கவில்லை.

"சரிங்க, மெதுவாவே ஊத்தறேன்" என்றபடி மூடியைத் திருகினாள்.