ஏழாவது விதி

ஜப்பானின் நீகாத்தா நகர ரயிலடி பார்லரில், வந்தவளின் நனைத்த முடி ஒன்றை இரு விரலால் இழுத்துப் பார்த்தாள் பார்லர்க்காரி செத்சுகோ. கொஞ்சமும் நீளாமல் பட்டென்று அறுந்தது.

"வீட்டுல தலைக்குப் புரத மாஸ்க்காப் போட்டுத் தள்ளினியா?"

கொதோஹா தலையாட்டினாள். பள்ளிச் சீருடையில் வந்தவள், பனிக்கு மாட்டிய கம்பளித் தொப்பியை இன்னும் கழற்றவில்லை. வெளியே தொங்கிய முடியைத்தான் செத்சுகோ சோதித்தாள்.

"அதான் பாத்திரம் தேய்க்கிற நாராட்டம் விறைச்சிருக்கு. புரதம் பலம் குடுக்கும். வளைஞ்சு குடுக்க ஈரம் வேணும். மூணு வாரம் ஈரம், நாலாவது வாரம் புரதம். அதுவரைக்கும் சாயத்தைத் தொடாத."

"முடியாதுக்கா. ரெண்டு வாரத்துக்கொரு தரம் அடிச்சே ஆகணும். இன்னிக்கு அதுக்குத்தான் வந்தேன்."

"பதினாறு வயசுல என்னடி இவ்வளவு அலங்காரம்? பள்ளிக்கூடம் முடிக்கறதுக்குள்ள மொட்டையாயிடுவ."

கொதோஹா தொப்பியைக் கழற்றினாள். வகிடு நெடுக, கறுத்த முடியின் வேரில், வறுத்த தேயிலை நிறத்தில் புதுமுடி முளைத்திருந்தது.

செத்சுகோ வகிட்டை விரலால் விலக்கிப் பார்த்தாள். "பொறந்ததுலேருந்தே இந்த நிறமா?"

"ஆமாக்கா. என் கைக்குழந்தை போட்டோவை அம்மா கொண்டுபோய்க் காட்டினாங்க. வெளிச்சத்துல அப்படித் தெரியுதுன்னு வாத்தியார் திருப்பிக் குடுத்துட்டார். நாளைக்குக் கறுப்பா வரலேன்னா வகுப்புக்குள்ள விட மாட்டாங்க."

செத்சுகோ கறுப்புச் சாயத்தைக் கிண்ணத்தில் பிதுக்கினாள்.

"அப்படி என்னதான் எழுதி வச்சிருக்காங்க உங்க விதியில?"

கொதோஹா பள்ளிக் கையேட்டைத் திறந்து நீட்டினாள். யாரோ சிவப்பு மையால் கோடிட்டிருந்தார்கள்.

'விதி 7: மாணவிகள் தலைமுடிக்குச் சாயம் பூசக் கூடாது.'