கூட்டமோ கூட்டம்

வினுதா மேடத்தின் போனில் என் இணையதளம் திறக்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"என்ன தனஞ்சயா, இப்படி நொண்டுது?"

"கூட்டம் மேடம்! பெங்களூர்ல இன்னைக்கு எந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்கன்னு சொல்ற தளமாச்சே. மொத்த ஊரும் உள்ளே நிக்குது."

அலுவலக கேன்டீன் மேசையில் ஒரு காபியை இருவராகப் பிரித்துக்கொண்ட எங்கள் பை-டூ காபி, அதன் பக்கத்தில் என் ராஜினாமாக் கடிதம். ஒன்பது வருடமாக ஒரு வங்கியின் பழைய மென்பொருளுக்கு ஒட்டுப்போட்ட வேலையை விடப்போகிறேன். வீட்டில் நேற்றே கேசரி பாத் கிண்டிக் கொண்டாடியாயிற்று. என் மேலதிகாரியான மேடம் காரணம் கேட்டார், தளத்தைக் காட்டினேன்.

பாதிக் காபி உள்ளே போன பிறகு தளம் திறந்தது.

"தினமும் இப்படித்தானா?"

"ஆமா மேடம். தினம் காலையில நான் திறந்தா ஒரு நிமிஷம் ஆகும். அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் வேலையை விடுற தைரியமே வந்துச்சு."

"எத்தனை பேர் வர்றாங்கன்னு எண்ணிப் பார்த்தியா?"

"எண்ணுறதுக்கு ஒண்ணு வச்சா தளத்துக்கு அது வேற பாரம். வேணாம்னு விட்டுட்டேன்." என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

மேடம் மூடிவிட்டு மறுபடி திறந்தார். இந்தத் தடவை கண்ணிமைப்பதற்குள் வந்து நின்றது.

"இப்ப எங்கப்பா போச்சு உன் கூட்டம்?"

"காபி குடிக்கப் போயிருக்கும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"கிளவுட்ல எங்கே ஏத்தியிருக்க?"

"ஒரு இலவச சேவை மேடம். புரோகிராமை அனுப்பிட்டா போதும், மத்ததெல்லாம் அவங்களே பார்த்துக்குவாங்க."

"விதிமுறையைப் படிச்சியா?"

"அதையெல்லாம் யார் மேடம் படிக்கிறாங்க? சம்மதம்னு தட்டிட்டேன்." படித்துப் பார்த்து வேலை செய்வது கத்துக்குட்டிகளின் வழக்கம் என்பது என் கொள்கை.

மேடம் மீதிக் காபியை நிதானமாகக் குடித்து முடித்தார். ராஜினாமாக் கடிதத்தை நாலாக மடித்து என் பக்கமே தள்ளினார்.

"கால் மணி நேரம் ஒருத்தரும் வரலன்னா இலவசத் தளத்தைத் தூங்க வச்சிடுவாங்க, தனஞ்சயா; அது எழுந்து வரத்தான் ஒரு நிமிஷம் ஆகுது. தினம் காலையில நீதான் போய் எழுப்பிட்டிருக்க."