குவாய்க் கரையில் ஒரு விதவை

அவர் முதலில் என் டயர்களைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"காத்து ஜாஸ்தியா இருக்கே, டன்னி. இந்த மணல்ல இப்படியே ஓட்டினா புதைஞ்சிடுவீங்க."

வயதில் மூத்த பெண்களை எங்கள் ஊரில் டன்னி, அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவார்கள். இதே மணலில் புதையாமல்தான் இங்கே வந்து சேர்ந்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வளரும்.

குவாய் ஆற்றங்கரையில் நாற்காலியைப் போட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. நீர்யானைகள் காதுகளை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தன. யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத ஒரு மாலை. அதற்காகத்தான் பிரிட்டோரியாவிலிருந்து இவ்வளவு தூரம் வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். 'என்ன யோசனை' என்று யாராவது கேட்டால் அந்த யோசனையே போய்விடுகிறது.

டயரைப் பார்த்தவர் லூரென்ஸ், பக்கத்து முகாம்காரர். அவரும் நண்பர்களுமாக நான்கு வண்டிகளில் வந்திருந்தார்கள். வண்டிக்கு ஒரு குளிர்பெட்டி. ஒரு வண்டியில் காபி போடும் இயந்திரம்கூட இருந்தது. காட்டின் அமைதியைத் தேடி வந்தவர்கள். அமைதி தலைகாட்டினால் உடனே யாராவது பாட்டைப் போட்டுவிடுவார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு குணம். காட்டில் யானை தனியாக நின்றால் விலகிப் போவார்கள். பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் கிட்டே வருவார்கள்.

"வீட்டுக்காரர் எங்கே, குளிக்கப் போயிருக்காரா?" என்றார் லூரென்ஸ். "வரட்டும், அவர்கிட்டயே சொல்லிடறேன். அப்படியே ரெண்டு பேரும் நாற்காலியைத் தூக்கிட்டு நம்ம பக்கம் வந்துடுங்க. கறி சுடறோம்."

முந்தைய முகாமில் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். தனியாக வந்திருக்கிறேன் என்றேன். வீட்டில் சண்டையா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்புறம் ஏன் என்று கேட்டார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லாததால் இருட்டும்வரை அவர்களோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தேன்.

ஆற்றைப் பார்த்தேன்.

"அவர் இறந்துட்டார், தம்பி. போன மழைக்காலத்துல."

லூரென்ஸ் தொப்பியைக் கழற்றினார். டயர்களை மறந்தார். சிங்கத்தின் முன்னால் செய்யச் சொல்வார்களே, அதுபோல என் பக்கமிருந்து முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து போனார்.

சற்று நேரத்தில் பாட்டு நின்றது. சிரிப்பு நின்றது. மீன்கொத்தி ஒன்று தண்ணீரில் விழும் சத்தம்கூடக் கேட்டது.

குற்ற உணர்ச்சி வருகிறதா என்று எனக்குள் தேடிப் பார்த்தேன். வரவில்லை. கொஞ்சம் அழுகைதான் வந்தது. செத்துப்போனதும் மனிதர் எவ்வளவு நல்லவராகிவிட்டார். குறுக்கே பேசாமல், கூடவே உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த அமைதி தட்டோடு ஆன்சி வரும்வரைதான் இருந்தது. லூரென்ஸின் மனைவி. தட்டின் மேல் வெள்ளித்தாள், உள்ளே சுட்ட கறி. என் நாற்காலிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க, டன்னி. எதிர்க்கரையில ஒருத்தர் இருக்கார். உங்க வயசுதான் இருக்கும். நேத்து அவருக்கும் கறி கொண்டுபோய்க் கொடுத்தோம். பாவம், சம்சாரம் செத்துட்டாங்களாம், தனியா ஓட்டிட்டு வந்திருக்கார். ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு காபி குடிச்சா என்ன குறைஞ்சுபோகும்? வண்டிதான் கொஞ்சம் பழசு. வெள்ளை வண்டி, பின்கதவு நல்லா நசுங்கியிருக்கு. ஆள் பத்திரமாத்தான் இருக்கார்."

அந்தப் பின்கதவை எங்கள் வீட்டு வாசல் தூணில் இடித்தது நான்.

என் வீட்டுக்காரர் ஹென்னியும் நானும் இரண்டு வண்டிகளில் ஒன்றாகத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினோம். இந்த வருடம் ஆளுக்கொரு கரையில் தனியாக இருந்து பார்க்கலாம் என்று ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை மாவுன் நகரில் சேர்ந்துகொள்வதாகப் பேச்சு. காட்டின் வாசலில் கையசைத்துப் பிரிந்தபோது இருவருமே அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டோம்.

ஆன்சி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவுக்கு என்ன ஆச்சாம்?" என்று கேட்டேன்.

"ரொம்ப வருஷமா வியாதியாம், டன்னி." தட்டை என் மடியில் வைத்தாள். "கல்யாணம் ஆன கொஞ்ச நாள்லயே ஆரம்பிச்சிடுச்சாம். மனுஷன் ஒரு வார்த்தை குறை சொல்லாம கடைசிவரைக்கும் தாங்கிக்கிட்டாராம்."

இந்தப் பயணத்தில் முதல்முறையாக எனக்கு ஒருவரோடு பேச வேண்டும் போலிருந்தது.

பாலம் எந்தப் பக்கம் என்று ஆன்சியிடம் கேட்டேன்.