மிதக்கும் கல்

ஒரு பெண் அழுவது அடுத்த அறைக்குக் கேட்காமல் இருக்க எத்தனை அங்குலச் சுவர் வேண்டும்? இதைக் கொத்தனாரிடம் எப்படிக் கேட்பது என்று யோசித்தபடியே தண்ணீர்த் தொட்டியருகே நின்றாள் மதுரவல்லி. கட்டிக்கொண்டிருக்கும் புது வீட்டின் வெளிச்சுவருக்கான செங்கற்கள் தொட்டி நீருக்கடியில் கிடந்து குமிழி விட்டுக்கொண்டிருந்தன. கொத்தனார் வேலாயுதம் செங்கல்லுக்குப் பதிலாக இப்போது வரும் லேசான வெள்ளைக் கல் ஒன்றை அதில் போட்டார். அது மூழ்கவில்லை. பெரிய ரொட்டித் துண்டு போல மிதந்தது.

“உள்சுவருக்கு இது போதும்மா. நாலு அங்குலம். கனமே இருக்காது.”

“உள்ள என்ன வெயிலா அடிக்கப்போவுது, மழையா பெய்யப்போவுது?” என்று சிரித்தான் அவள் கணவன் செழியன்.

இப்போது குடியிருக்கும் வாடகை வீட்டிலும் தடுப்புச் சுவர் இப்படித்தான். அவள் மூக்கை உறிஞ்சினால்கூட, “சளியா?” என்று அந்தப் பக்கமிருந்து மாமியார் கேட்பார்.

அவள் கையை முழங்கை வரை நீரில் விட்டு ஒரு செங்கல்லைப் பற்றினாள். யாரோ நெடுநாள் அடக்கிவைத்த மூச்சை அவள் கைக்குள் விடுவதுபோல, விரல்களுக்கிடையே குமிழிகள் ஏறி வந்தன. அந்தச் சிவப்புக்குள் ஓர் அறை இருந்தது. அறைக்குள் அவள் வாய்விட்டு அழுதாள். வெளியே எல்லோரும் நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலாயுதம் வெள்ளைக் கல்லை எடுத்துத் துடைத்து, மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து நீட்டினார். “உங்க ரூம் சுவரும்மா. மொதக் கல்ல நீங்கதான் வைக்கணும்.”

“வாங்கு வல்லி, நல்ல நேரம் முடியப்போவுது” என்றான் செழியன்.

“நான் வைக்கலீங்க” என்றாள், செங்கல்லைப் பற்றிய கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல்.