தறிக்காரம்மாவின் காது

"காது கேக்கலைன்னு பென்சனுக்கு வந்திருக்குதாமா. ஏனுங்க, இதை நம்பச் சொல்றீங்களா?"

மாற்றுத்திறனாளிகள் முகாமில், எதிர்வரிசையில் இருந்த சென்னியம்மாளைப் பார்த்தபடி புருசன் மணிமாறனிடம் முணுமுணுத்தாள் பிரபா. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் கை நசுங்கிய அவனை, ஊனச் சதவீதம் போதாதென்று போன முகாமில் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

"மெல்லப் பேசு. அந்தம்மாவுக்குக் கேட்டுறப் போவுது."

பிரபா குரலை இன்னும் தாழ்த்தினாள். "இப்பத்தான் எங்கூட ஊர்க்கதையெல்லாம் பேசிட்டுப் போச்சு. கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதிலு! நெசமா கை போன நமக்குத் துணைக்கு நாதியில்லை. நடிக்கிறவங்களுக்கு வக்கீல் வேற!"

இலவசச் சட்ட உதவி வக்கீல் சௌமியாதான் சென்னியம்மாளுக்குத் துணையாக வந்திருந்தாள்.

பெயரைக் கூப்பிட்டதும், "ஓங்காளியம்மா, நீயே கதி" என்று கும்பிட்டுக்கொண்டே சென்னியம்மாள் சௌமியாவோடு உள்ளே போனாள். பிரபாவுக்கு இருப்புக்கொள்ளுமா? கதவோரம் போய் எட்டிப் பார்த்தாள்.

"எந்த ஊரும்மா?" என்றார் டாக்டர்.

"குமாரபாளையமுங்க சாமி."

"என்ன வேலை?"

"முப்பது வருசமா தறி ஓட்டுனனுங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நல்லாத்தானே கேக்குது?"

'மாட்டிக்கிச்சு!' என்று நினைத்தாள் பிரபா.

"ஐயா, மாஸ்க் போட்டுட்டு அதையே ஒருக்கா கேளுங்க" என்றாள் சௌமியா.

டாக்டர் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கேட்டார். பதிலில்லை. சத்தமாகக் கேட்டார். சென்னியம்மாள் திருதிருவென்று விழித்தாள்.

"தறிக்கூடத்துல இடி விழுந்தாலும் கேக்காதுங்கய்யா" என்றாள் சௌமியா. " ஒருத்தர் உதட்டைப் பார்த்துத்தான் இன்னொருத்தர் பேசுவாங்க. காது போனப்புறமும் அந்தப் பழக்கத்துலதான் இவங்க பொழைக்கிறாங்க. இங்க வந்தா அதுவே காலை வாருது."

டாக்டர் தலையாட்டினார். "காதை மெசின்ல பார்த்துட்டே சதவீதம் போடுறேன்மா."

பிரபா இடத்துக்குத் திரும்பி உட்கார்ந்தாள். அப்புறந்தான் சுரீரென்றது. தான் முணுமுணுத்த நேரமெல்லாம் அந்தம்மா எதிரே இருந்து தன் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்!

வெளியே வந்த சென்னியம்மாள் நேரே அவளிடம்தான் வந்தாள். பிரபா தலையைக் குனிந்துகொண்டாள்.

தாடையைத் தொட்டு நிமிர்த்தினாள் சென்னியம்மாள். "குனிஞ்சுக்கிட்டா நீ பேசறது எனக்குத் தெரியாது கண்ணு."

பிறகு சௌமியா பக்கம் திரும்பினாள்.

"வக்கீலம்மா, இந்தப் புள்ளையோட ஊட்டுக்காரருக்குக் கை போயிருச்சுங்க. துணைக்கு ஆளில்லைன்னு வெசனப்பட்டுட்டு இருந்துச்சு. இவிங்களுக்கும் கொஞ்சம் பாருங்க சாமி."