பதிவாளரின் கேள்வி

“கலியாணம் எண்டது ரெண்டு பேருக்கிடையில உள்ள விசயம். இதுக்குள்ள அரசாங்கத்துக்கு என்ன வேலை?”

சல்லிக் கிராமத்திலிருந்து திருகோணமலை நகரம் வந்து சேரும்வரை ஓட்டோவில் இராசதுரை இதையே சொல்லிக்கொண்டு வந்தார். கனடா விசாவுக்குக் கலியாணப் பதிவு கேட்டிருக்காவிட்டால் அவர் இந்தப் பதிவாளர் கந்தோர்ப் படி ஏறியிருக்க மாட்டார். மனைவி தங்கேஸ்வரி பக்கத்தில் இருந்தாள்.

பதிவாளர் இளம் பெண். “ஐயா, இவவைக் கலியாணம் கட்ட உங்களுக்குச் சம்மதமோ?”

“ஓம், ஓம். கெதியா எழுதுங்கோ பிள்ளை.”

“அம்மா, உங்களுக்கு?”

தங்கேஸ்வரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“ஓமெண்டு சொல்லடி,” என்றார் இராசதுரை.

அவள் பதிவாளரையே பார்த்தாள். “பிள்ளை, இவர் கோயில்ல எனக்குத் தாலி கட்டி முப்பது வருசத்துக்கு மேல. மூண்டு பிள்ளையும் பெத்திட்டன். என்ர சம்மதத்தை இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கேல்ல. இண்டைக்கு நீங்கள்தான் கேட்டிருக்கிறீங்கள். கொஞ்சம் யோசிச்சுச் சொல்லலாமோ?”

“தாராளமா யோசியுங்கோ அம்மா. நீங்கள் மாட்டன் எண்டால் எனக்குப் பதிய ஏலாது.”

இராசதுரைக்கு வியர்த்தது. அதற்குப் பிறகு அவர் அரசாங்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

“தங்கேஸ், தேத்தண்ணி ஏதும் குடிக்கிறீங்களோ?”